சாமி வராத ஞாயிற்றுக்கிழமைகள்

ஓர் ஆண்டில் 52 ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. பசறையிலிருந்து மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நமுனுகுலைக்கும் ஏறிப்போகும் பாதைகளின் ஓரத்தே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில், ஒரு சிற்றாலயத்துக்கு மாதம் ஒரு திருப்பலி கிடைத்தால் அது நல்ல ஏற்பாடு. மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அதுவும் தவறிப்போகும். ஆக, 12 ஞாயிறுகள் சாமி வருகிற ஞாயிறுகள்; மீதி 40 ஞாயிறுகள் சாமி வராத ஞாயிறுகள். தோட்டத்துக் கிறிஸ்தவர்களின் விசுவாசம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தப் பன்னிரண்டைப் பார்த்து அறிய முடியாது. அன்று ஆலயம் நிறையும், பீடத்தில் பூ இருக்கும், பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அந்த நாற்பதில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “நாங்க படிக்காத சனம் சாமி. எங்களுக்கு என்னா தெரியும்? நீங்கதான் அடிக்கடி வந்து பாத்துக்கணும்.” பணிவோடு சொல்லப்படும் பதில்தான். ஆனால் இந்த நாட்டுத் திருச்சபையின் வரலாறு அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளாது. இந்த நாட்டில் கத்தோலிக்க விசுவாசம் இன்று இருக்கிறதென்றால், குருக்கள் இல்லாத காலத்தில் படிக்காத சனம் அதைக் காப்பாற்றியதால்தான் இருக்கிறது.

குரு இல்லாத முப்பது ஆண்டுகள்

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயக் குருக்கள் நாடுகடத்தப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிந்திருக்க இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அந்தச் சபையின் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்படாவிட்டால் காணி உரிமையில் சிக்கல், அரசாங்க உத்தியோகம் கிடையாது. இந்த நிலை ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் நீடித்தது. அந்தக் காலத்தில் கரையோரக் கத்தோலிக்கர் மத்தியில் நிலையாகத் தங்கியிருந்து பணிசெய்த குரு என்று ஒருவரைச் சொல்ல முடியாது.

முப்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. ஒல்லாந்தர் வந்த ஆண்டில் பிறந்த பெண் பிள்ளை, ஒரு குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்து, திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுக்கும் வயதுக்கு வந்திருப்பாள். அவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? தாயும் அப்பாயியும் அம்மாயியுந்தான். வேறு எவரும் இருக்கவில்லை.

மன்னார்ப் பக்கத்தில் இதற்கு ஒரு சாட்சி இன்றும் நிற்கிறது. மலையகத்திலிருந்து பஸ் பிடித்து ஆவணித் திருநாளுக்கு மருதமடுவுக்குப் போகிறோமே, அந்தத் திருத்தலத்தின் தொடக்கத்தில் ஆயரும் இல்லை, சபைத் துறவிகளும் இல்லை. 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தாம் வணங்கிய அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒதுங்கின என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. சட்டி பானையோடு சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் அவை. எதை விட்டுவிட்டுப் போவது, எதைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தவர்கள் சாதாரண குடியானவர்கள்.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். குருவின் உடையில் வரவில்லை. ஏழைக் கூலியாளின் உடையில் வந்தார். (இந்த நாட்டின் புனிதர் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார் என்பதை, ‘தோட்டக் கூலி’ என்று ஏளனமாக அழைக்கப்பட்ட நமது மக்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.) நோயுற்று, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தபோது அவர் கழுத்தில் ஒரு செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்திருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகிறார்கள். அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று அவர் பார்த்தார். சில வீடுகளில் மாறியது. அப்படித்தான் அவர் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்துக் காத்தது.

இந்த நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் புனிதரின் துணிவுக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அந்த வீட்டாரின் பக்கமிருந்தும் அதைப் பார்க்க வேண்டும். செபமாலை என்றால் என்ன என்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாமற் போயிருந்தால், புனிதர் அந்த வாசலையும் தாண்டிப் போயிருப்பார். வாஸ் அடிகளார் அணைந்துபோன விளக்கை ஏற்றவில்லை. சாம்பலுக்குள் கங்கு இருந்தது, அவர் ஊதினார்.

அதற்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1689 ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். அடிகளார் தப்பினார். தலைவர்களாக இருந்த எட்டுப் பேர் சாட்டையால் அடிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த அடியிலேயே இறந்தார். மற்றவர்கள் சிறையில் கடின வேலைக்குப் போனார்கள். எட்டுப் பேரும் குருக்கள் அல்லர், குடும்பஸ்தர்கள்.

பதிவேட்டில் இருந்தவர்களும் மனத்தில் இருந்தவர்களும்

வாஸ் அடிகளார் பின்னர் கண்டிக்குப் போய், சிறைப்பட்டு, விடுதலையாகி, 1711 இல் அங்கேயே இறந்தார். அவரும் அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து வந்த சில குருக்களும் ஒரு முழுத் தீவையும் கால்நடையாகச் சுற்றிவந்தார்கள். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை அவர்கள் போயிருந்தாலே பெரிது. நமது மாதம் ஒரு பூசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரை வைத்தார்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்வது, ஞாயிறு தோறும் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லுவிப்பது, நோயாளியைச் சந்திப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, குரு வரும்போது ஊர் நிலைமையை எடுத்துச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் பாட்டும் கற்றுக்கொடுக்க அண்ணாவியார் இருந்தார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் யாழ்ப்பாண ஆலயங்களில் பாடப்பட்டுவரும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியது. எழுத்து வாசனை அறியாதவரும் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்ளும்படி இராகத்தோடு படிக்க அமைந்த நூல் அது. குரு இல்லாத நாளில் வாசிக்க எது தேவையோ அதை அவர் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

மறுபக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தரின் சபைக்கு அரசாங்கம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சம்பளம் வாங்கும் உபாத்தியாயர்கள் இருந்தார்கள், பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேட்டில் இந்நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் கிறிஸ்தவர்களாகப் பதியப்பட்டிருந்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806 இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. உத்தியோகத்துக்காகவும் காணிக்காகவும் பெயர் கொடுத்திருந்த அந்தப் பெருங்கூட்டம் சில பத்தாண்டுகளுக்குள் கரைந்துபோனது. சம்பளமும் கட்டடமும் இல்லாத கத்தோலிக்கச் சமூகமோ நிலைத்து நின்றது.

சீர்திருத்தச் சபைச் சகோதரர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுள்ளும் உண்மையான விசுவாசிகள் இருந்தார்கள். விவிலியத்தைத் தமிழில் அச்சேற்ற அவர்கள் பட்ட பாடும் பெரிது. அன்று அதிகாரம் கத்தோலிக்கர் கையில் இருந்திருந்தால் நாமும் அதே பதிவேட்டைத்தான் வைத்திருப்போம். போர்த்துக்கேயர் காலத்தில் வைத்துமிருந்தோம். பதிவேட்டில் இருக்கும் கிறிஸ்தவமும் வீட்டில் இருக்கும் கிறிஸ்தவமும் இரண்டு வேறு பொருள்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நமது பங்குப் பதிவேடுகளைப் புரட்டும்போதும் இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும்.

உலகின் வேறிடங்களிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. யப்பானில் 1614 இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1644 இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே திருப்பலி இல்லை. 1865 மார்ச் 17 ஆம் திகதி, நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்குள் உராகாமி ஊர்க் குடியானவர்கள் சிலர் மெல்ல நுழைந்து, பிரெஞ்சுக் குருவான பெற்றிஜான் அடிகளாரிடம் தங்கள் நெஞ்சிலும் அதே விசுவாசம் இருப்பதாகச் சொல்லி, மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அந்த ஊர்களில் மூன்று பொறுப்புகள் இருந்தன. திருநாட்கள் எந்தெந்தத் திகதியில் வருகின்றன என்று நாட்காட்டியைக் காப்பவர் ஒருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர். வீடு வீடாகச் சென்று செய்தி சொல்பவர் ஒருவர். எத்தனை எளிய ஏற்பாடு! ஒரு லயத்து மரண உதவிச் சங்கத்துக்குக்கூட இதைவிட அதிகமான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கொரியாவிலோ திருச்சபையைத் தொடங்கியவர்களே பொதுநிலையினர். 1784 இல் பீக்கிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய ஒருவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார். முதல் மறைபரப்புக் குரு உள்ளே போக மேலும் பத்து ஆண்டுகள் சென்றன.

மலைக்கு வந்த விசுவாசம்

நமது தோட்டங்களுக்கு விசுவாசம் வந்த கதையும் இதே சாதியைச் சேர்ந்ததுதான். கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த கூட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த அந்தப் பாதையில் எத்தனை பேர் விழுந்து மடிந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கில்லை. 2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து அதே வழியில் நடைபயணம் போனார்கள். அன்று நடந்த கூட்டங்களோடு குருக்கள் வரவில்லை. முந்தானையில் முடிந்த காசோடும் கழுத்தில் கிடந்த மாலையோடும் விசுவாசம் வந்தது.

அந்த விசுவாசம் அவர்களுக்கு எங்கே ஊட்டப்பட்டது? தமிழ்நாட்டு மதுரை மிசனில். 1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், 1830களின் பிற்பகுதியில் அச்சபையார் மீண்டும் வரும்வரை, அங்கும் குருக்கள் மிக அரிதாயினர். உபதேசியார்களே ஊர்களைத் தாங்கினார்கள். அவர்களுக்கும் முந்திய காலத்தவரான தேவசகாயம் பிள்ளையை நாம் அறிவோம். திருவிதாங்கூர் அரசின் உத்தியோகத்தரான அவருக்கு விசுவாசத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு குரு அல்லர். 1741 இல் குளச்சலில் சிறைப்பட்ட ஒல்லாந்துக் கம்பனிப் படைத்தலைவரான டிலனாய் என்ற கத்தோலிக்கர். 1745 இல் ஞானஸ்நானம். 1752 இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சாவு. 2022 மே 15 இல் புனிதர் பட்டம். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் ஒரு பொதுநிலையினரால் விசுவாசத்துக்கு வந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மலைக்கு வந்தபின் விசுவாசத்தின் முதல் ஆலயம் லயத்துக் காம்பராதான். பிரட்டுக்கு விடியற்காலையில் போய், கொழுந்து நிறுத்து, விறகும் சுமந்து வந்து, அடுப்பு மூட்டிய பின் பத்துக்குப் பத்து அறையில் செபமாலை சொன்னார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினார்கள். தோட்டத்துக்கு ஓர் உபதேசியார் இருந்தார். சில இடங்களில் அவர் கணக்கப்பிள்ளை, சில இடங்களில் பாடசாலை வாத்தியார், சில இடங்களில் மலையில் மற்றவர்களோடு கவாத்து வெட்டிய தொழிலாளி. சிற்றாலயம் பின்னால் வந்தது. சாமி அதற்கும் பின்னால் வந்தார்.

இந்தச் சங்கிலி அறுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் ஆடு மாடு பிரிப்பதுபோலப் பிரித்தது. அதனால் பிரிந்தவை குடும்பங்கள் மாத்திரம் என்று நினைக்கிறோம். செபக் கூட்டங்களும் பிரிந்தன. பாட்டுத் தெரிந்தவர் கூடலூர்ப் பக்கம் போனார். மேளம் அடித்தவர் இங்கே நின்றார். உபதேசியாரின் குடும்பம் தலைமன்னார் கப்பலேறிப் போன தோட்டங்களில் அந்த இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. பின்னர் 1983 ஆடி வந்தது. 2003 இன் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு ஒருவாறு முடிவு கிடைத்தது. ஆனால் சிதறிய செபக் கூட்டத்தைச் சட்டம் எதுவும் திருப்பித் தராது.

இப்பொழுது அறுவது எங்கே

அப்பாயி, அம்மா, பிள்ளை என்ற அந்தச் சங்கிலி இன்று வேறுவகையில் அறுகிறது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா கொழும்பில். அண்ணன் ஒரு கடையில்; ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு இல்லை. வீட்டில் இருப்பது அப்பாயியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். அப்பாயிக்குச் செபம் தெரியும். பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது. ஞாயிறு காலையில் பசறை டவுனில் டியூசன். புலமைப்பரிசில் முடிந்தால் சாதாரண தரம், அது முடிந்தால் உயர்தரம். படிக்க வேண்டாம் என்று எந்தக் குருவும் சொல்ல முடியாது. தோட்டப் பிள்ளை மலையை விட்டு மேலே வர இருக்கும் ஏணி அது ஒன்றே. ஆனால் மறைக்கல்வி வகுப்பு ஞாயிறு ஒன்பது மணிக்குத்தான் நடக்க வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. மாலை ஆறு மணிக்கு, லயத்தில், ஓர் அக்கா நான்கு பிள்ளைகளைக் கூட்டி வைத்து நடத்தலாம். பல இடங்களில் அது நடக்காததற்குக் காரணம், அந்த அக்காவுக்கு ‘நீ செய்யலாம்’ என்று எவரும் சொல்லாததே.

அவள் செய்யலாம் என்பது மாத்திரமல்ல, செய்யக் கடமைப்பட்டவள். பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது எல்லாருக்கும் முன்பாகப் பெற்றோரின் கடமை என்று 1983 இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 774 ஆம் இலக்கத்தில் சொல்லுகிறது. பெற்றோரின் இடத்தில் நிற்பவர்களையும், அதாவது நமது அப்பாயிகளையும், அது சேர்த்துக்கொள்கிறது. 861 ஆம் இலக்கத்தின்படி அவசர வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் நீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் வேண்டும். பதுளை ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியில் சாமியைத் தேட வேண்டியதில்லை. 1248 ஆம் இலக்கம், குரு இல்லாத ஞாயிறன்று விசுவாசிகள் கூடி இறைவார்த்தை வழிபாடு செய்யவும், குடும்பமாகவோ குடும்பங்கள் சேர்ந்தோ செபிக்கவும் வலியுறுத்துகிறது. அந்த நாற்பது ஞாயிறுகளும் சட்டத்திலேயே நினைக்கப்பட்டிருக்கின்றன! 2021 மே 10 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். நமது பழைய உபதேசியார் செய்துவந்த வேலைக்கு உரோமாபுரி கொடுத்த முத்திரை என்றே அதைக் கொள்ளலாம்.

சட்டத்துக்கு முன்னால் விவிலியம். திமொத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் எழுதும்போது ஓர் அப்போஸ்தலரின் பெயரையும் சொல்லவில்லை. பாட்டி லோயியின் பெயரையும் தாய் யூனிக்கியின் பெயரையும் சொல்கிறார். பேச்சில் வல்லவரான அப்பொல்லோவுக்குத் திருத்தமாகக் கற்றுக்கொடுத்தவர்கள் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும். கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதிகள், கைத்தொழிலாளர்கள்.

ஊவாவிலும் இந்த வழியில் சிந்தித்தவர் இருந்தார். 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரான லியோ நாணயக்கார ஆண்டகை, மக்களோடு வாழும் பணியாளர்களை உருவாக்க வேண்டுமென்று பண்டாரவளையில் ‘சேவக செவன’ நிலையத்தைத் தொடங்கினார். அங்கு பணியாற்றிய மைக்கல் ரொட்றிகோ அடிகளார் 1980 இல் புத்தளைப் பக்கத்து அளுகலவிட்டவுக்குப் போய்ப் பௌத்த விவசாயிகள் மத்தியில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற அவர் முயலவில்லை. 1987 நவம்பர் 10 ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது அந்தக் கிராமத்து மக்களை நாம் மறக்கக்கூடாது. அவருடைய வேலையைத் தொடர்ந்தவர்களும் நினைவைக் காத்தவர்களும் பெரும்பாலும் பௌத்தர்களே.

எதைக் கையளிப்பது?

இது எளிய கேள்விபோலத் தெரியும். செபங்கள், பத்துக் கற்பனைகள், திருநாட்கள். இவை வேண்டும், மனப்பாடம் என்றால் இளக்காரம் என்ற போக்கு எனக்கு உடன்பாடில்லை. சில்லாலையைக் காத்தது மனப்பாடந்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் காதைவிடக் கண் கூர்மையானது. ஞாயிறன்று வாசகம் வாசிக்கும் ஐயா திங்கட்கிழமை நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் காசு கொடுக்கிறார் என்றால், பிள்ளை இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. கசிப்பு விற்பவரின் நன்கொடையில் கொடியேற்றம் நடந்தால் அதையும் கற்றுக்கொள்கிறது. சாதியை இந்தியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, லயத்தில் அவிழ்த்து, ஆலயத்துக்குள்ளும் பாய் விரித்து உட்கார வைத்திருக்கும் இடங்கள் இன்றும் உண்டு. அங்கே விசுவாசம் கையளிக்கப்படுகிறது என்று சொல்ல நான் தயங்குவேன்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளை வீட்டார் காட்டோரம் விட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளாரும் மருமகனான கார்வாலோ அடிகளாரும் மதம் பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்களுக்குப் பாதுகாப்பாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நமது லயங்களில் நான்கு காம்பராவுக்கு ஒன்று கிறிஸ்தவ வீடு என்றால் மற்ற மூன்றும் இந்து வீடுகள். தீபாவளிப் பலகாரம் இங்கே வரும், கிறிஸ்மஸ் கேக் அங்கே போகும். விசுவாசத்தைக் காப்பது என்றால் அந்தப் பலகாரத் தட்டை நிறுத்துவது என்று சிலர் அண்மைக் காலத்தில் போதிக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

ஆயினும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நமது குடும்பங்கள் சில புதிய சபைகளுக்குப் போகின்றன. பணம் கொடுக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். போன ஒரு தாயிடம் கேட்டேன். “புள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு ராத்திரி வந்து தலையில கைய வச்சு செபம் பண்ணினாங்க சாமி” என்றார். அவ்வளவுதான். அந்த இரவில் அடுத்த காம்பராக் கத்தோலிக்கர் நான்கு பேர் வந்து அந்தத் தலையில் கை வைத்திருக்கலாம். நோயாளிக்காகச் செபிக்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

மரண வீட்டில் மாத்திரம் நமது மக்கள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் சங்கம் பணம் கொடுக்கிறது, பெட்டி வருகிறது, குழி வெட்டப்படுகிறது, இரவு முழுவதும் செபமும் பாட்டும் நடக்கிறது. சாமி வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். எவரும் “எங்களுக்கு என்னா தெரியும்” என்று சொல்வதில்லை. அபிவிருத்தி வேலையில் நாம் ஓயாமல் சொல்லும் பாடமும் இதுவே: வெளியிலிருந்து வந்த திட்டம் வந்தவர் போனதும் நின்றுவிடும், மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கச் சொல்லி எந்த நிறுவனமும் வரவில்லை, அது நிற்கவுமில்லை. சாவுக்கு இருக்கும் ஏற்பாடு ஞாயிறுக்கும் இருக்கக்கூடாதா?

2020 பங்குனியில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழாவன்று நாடெங்கும் மக்கள் வீட்டில் இருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு அதே பெருவிழாவில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வெடித்த குண்டுகளின் நினைவு ஆறியிருக்கவில்லை. நகரத்தில் தொலைக்காட்சியில் பூசை பார்த்தார்கள். தோட்டங்களில், ஏற்கெனவே லயத்துச் செபம் நடந்துவந்த இடங்களில், இஸ்தோப்பில் மெழுகுதிரி வைத்துச் செபம் தொடர்ந்தது. நடக்காத இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. இது குரு எத்தனை தடவை வந்தார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை.

ஒரு வேலை அவசரமாக இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய அப்பாயிகளும் தாத்தாமாரும் தோட்டத்துக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டி திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொண்டுவந்த பழைய மன்றாட்டுகள், தவக்காலப் பாட்டுகள், பிள்ளை பெற்ற வீட்டிலும் சாகிற வீட்டிலும் சொல்லும் செபங்கள் அவர்கள் வாயில் இருக்கின்றன. பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பி வாங்கி, மாலையில் அவர்கள் அருகில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதட்டும். கையில் இருக்கும் தொலைபேசியில் குரலையும் பதியலாம். யாரிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டு அந்தப் பெயரையும் மேலே எழுதுங்கள். எழுதிய கொப்பி தோட்டத்திலேயே இருக்கட்டும். பிரதி ஒன்றைப் பங்கு இல்லத்துக்கு அனுப்பி வையுங்கள். கவாத்து முடிந்து வேலை குறைந்திருக்கும் இந்த மாதங்களிலேயே தொடங்கினால் நல்லது.